'இடம் இருக்கிறது, ஆள்தான் இல்லை'யாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில் ஒரு மூத்த பேராசிரியரின் பேட்டி. "அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, உழைக்கத்தான் மாணவர்கள் வருவதில்லை" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். அன்று காலை எனக்குக் காபி இறங்கவில்லை.

என் மகள் எம்.எஸ்சி. வேதியியல். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானவள். அந்தத் தேர்வு நடந்த லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஜூன் 25 என்றார்கள். நாலு நாள் இருக்கும்போது தள்ளிவைத்தார்கள். ஜூலைக் கடைசியில் நடத்தினார்கள். மதுரையில் லாட்ஜுக்குக் கட்டிய அட்வான்ஸ் போனது போனதுதான். சரி, அதை விடுங்கள்.

ஜேஆர்எஃப் என்றால் மாதம் 37,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அதாவது கைடு, தன் கையிலிருந்து ஒரு பைசா எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பிஎச்.டி. சேர அவளுக்கு வேண்டியது அவருடைய சம்மதக் கையெழுத்து. அதற்கு எட்டு மாதத்தில் பல பேராசிரியர்களுக்கு 63 மின்னஞ்சல் போட்டாள். பதில் வந்தது ஒன்றே ஒன்று. அந்த நல்ல மனிதரும், தனக்கு ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கி, மூன்று வருட சர்வீஸ் இல்லாதவர் புதிதாக ஆள் சேர்க்க யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி விடாது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

நான் 34 வருடம் தபால்காரனாக இருந்தவன். ஒருவர் கடிதத்தை வாங்க மாட்டேன் என்றால்கூட 'மறுத்தார்' என்று எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். 'இடமில்லை' என்று ஒரு வார்த்தை தட்டிவிட இத்தனை படித்தவர்களுக்குக் கை வரவில்லையே!

நேரிலும் போய்ப் பார்த்தோம். ஓரிடத்தில் இணையதளத்தில் பேராசிரியர் பெயருக்கு நேரே காலியிடம் 3 என்று இருந்தது. வாசலில் நாலு மணி நேரம் நின்ற பிறகு, "அது பழைய லிஸ்ட்டும்மா" என்றார். இன்னோரிடத்தில் முதல் கேள்வியே "கல்யாணம் எப்போ? பாதியில விட்டுட்டுப் போயிருவீங்களே." பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும் 240 நாள் மகப்பேறு விடுப்பும் யுஜிசியின் 2022 விதிமுறையிலேயே இருக்கிறது. தபால்காரனுக்குத் தெரிந்தது பேராசிரியருக்குத் தெரியாதா? மூன்றாவது இடத்தில் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார்கள். உங்கள் இணையதளம் சொல்லித்தான் ஐயா வந்தோம்.

துறைக்கு எத்தனை இடம் என்று நாளிதழ்களில், அதிலும் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்கும்படி, விளம்பரம் தர வேண்டும் என்று 2016 விதிமுறை சொன்னது. 30 வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறேன். எல்கேஜி அட்மிஷன் விளம்பரம்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

ராசிபலனுக்கு வாராவாரம் முழுப் பக்கம் தருகிறீர்கள். ஜனவரி, ஜூலை சேர்க்கைக்கு முன்னால் எந்தத் துறை, எந்த கைடு, எத்தனை இடம் என்று பல்கலைக்கழகங்களிடம் கேட்டு வாங்கி அரைப் பக்கம் போட்டால் போதும். பேட்டி தந்த பேராசிரியரிடம் மறுபடி பேச நேர்ந்தால், என் மகள் பிப்ரவரியில் அவருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கோவில்பட்டி.