பாப்பாவோட வயலின் விஷயமா

டேய் கணேசா,

உன் மெசேஜ் வந்து நாளாச்சு, போன்ல ரெண்டு வரிக்கு மேல டைப் பண்ண எனக்கு ஓடாது, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிளாஸ் எதுவும் இல்ல, அதான் நிதானமா எழுதறேன். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம். பையன் பெங்களூர்லயே செட்டில் ஆயிட்டான், வயலின் பக்கம் திரும்பிக்கூட பாக்கறதில்ல, சரி விடு.

பாப்பா திருவையாறு காலேஜ் முடிச்சிட்டா, ரேடியோவா சினிமாவான்னு கேட்டிருக்க. எதுல சேந்தாலும் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துரும்னு நெனச்சுதான் கேக்குற, தெரியுது. அந்தக் காலம் போச்சுடா. ரேடியோல ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்னு எத்தன பேர் இருந்தாங்க, தம்புரா போடறதுக்கே தனி ஆள், அவங்கல்லாம் ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆனாங்க, அந்த எடத்துக்கு ஆள் எடுக்கறது ரொம்ப அபூர்வம். இப்ப கிடைக்கறது கிரேடு மட்டும்தான், அதாவது வாசிப்பக் கேட்டு ரேடியோ போடற தரம். பி, பி ஹை, ஏ, டாப். அந்த கிரேடுக்கு ஏத்த மாதிரி எப்பவாவது ஒரு புரோகிராம், அதுக்கு ஒரு செக். அதுல அரிசி வாங்க முடியாது.

ஆனாலும் ஆடிஷன் கண்டிப்பா குடுக்கச் சொல்லு. மொதல்ல ஸ்டேஷன்லயே ஒரு ஆடிஷன், அதுல தேறினா ரெக்கார்டிங் டெல்லி போர்டுக்குப் போகும், வாசிச்சவங்க பேர் தெரியாமதான் கேப்பாங்க. யார் சிஷ்யை, எந்த ஊருங்கற பேச்சே கிடையாது. சபாக்காரங்க இன்னமும் "ரேடியோ கிரேடு என்ன"ன்னு கேக்கறாங்க, ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்குப் போனாலும் அது உதவும்.

உங்கப்பா சொல்வாரே, ரேடியோ வித்வானுக்கும் சினிமாவுக்கும் ஒத்து வராதுன்னு. அது கேஸ்கர் ரேடியோ இலாகா மந்திரியா இருந்த காலத்துப் பேச்சு. 1952ல ரேடியோலேருந்து சினிமா பாட்டயே தூக்கினார், ஜனங்க பூரா ரேடியோ சிலோனுக்கு ஓடிட்டாங்க, கடைசில 1957ல சினிமா பாட்டு போடறதுக்குன்னு விவித பாரதிங்கற ஒலிபரப்ப ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. ஆனா அப்பவே ஈமனி சங்கர சாஸ்திரி மாதிரி பெரிய வீணை வித்வான் ஜெமினி ஸ்டுடியோல வேலை பாத்துட்டு அப்புறம் ரேடியோவுக்குப் போனவர்தான். வித்வான்கள் ரெண்டு பக்கமும் போய்ட்டுதான் இருந்தாங்க.

இப்ப சினிமா. நான் சினிமாவுக்கு வயலின் வாசிக்க வந்தப்ப காலைல 7 மணிக்கு கால்ஷீட், ஹால்ல முப்பது நாப்பது வயலின், ஸ்கோர் வந்ததும் அவங்கவங்க பார்ட்ட அவங்கவங்களே காப்பி பண்ணிக்கணும், ஒரு ரிகர்சல், அப்புறம் டேக்கு. ஒருத்தன் தப்பா வாசிச்சா மொத்த ஹாலும் முதல்லேருந்து. அப்புறம் 1992ல ரோஜா வந்துது, ரஹ்மான் வீட்டு ஸ்டுடியோல பண்ணது, அவரே செஷன்ல கீபோர்டு வாசிச்சு வளந்தவர்தான். கொஞ்சம் கொஞ்சமா எல்லாருமே அந்த வழிக்கு வந்துட்டாங்க, பெரிய ஹால்களுக்கு வேலை கொறஞ்சுது. இப்ப பெரிய பட்ஜெட் படத்துக்கு ஆர்.ஆர்.னா, அதான் பின்னணி இசை, ஸ்ட்ரிங்ஸ் புடாபெஸ்ட், மாசிடோனியான்னு போயிருது, மியூசிக் டைரக்டர் சென்னைல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேட்டு ஓகே சொல்றார். சின்னப் படம்னா எனக்கு ராத்திரி பத்து மணிக்கு நொட்டேஷன் பிடிஎஃப்பும், தாளத்துக்கு டிக் டிக்குனு அடிக்கற கிளிக் டிராக்கும் வாட்ஸ்அப்ல வரும், நான் ரூம்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டு அதே லைன எட்டு தடவை தனித்தனியா வாசிச்சு வேவ் ஃபைலா அனுப்பணும், அங்க அத அடுக்கி ஒரு செக்‌ஷன் மாதிரி ஆக்கிருவாங்க. பேமென்ட்டு வர்றப்ப வரும். ஒருத்தர் போன தீபாவளிக்கு முந்தினதே இன்னும் குடுக்கல.

பாப்பா மாட்டப்போற எடம் இதுதான். அவ வாசிப்பு நான் கேட்டிருக்கேன், தோடி ராகம் பிரமாதமா வருது, ஆனா அவ சம்மணம் போட்டு வயலின் தலைய கணுக்கால்ல வெச்சு ச-ப-ச-ப ஸ்ருதில வாசிக்கறவ. இங்க சேர்ல உக்காரணும், வயலின் தாடைக்குக் கீழ நிக்கணும், தந்தி ஜி-டி-ஏ-இ. வில்லு எல்லாருக்கும் ஒரே பக்கம் போகணும், உன் வில்லு மட்டும் மேல போச்சுன்னா கண்டக்டர் கண்ணுல டக்குனு படும். எல்லாத்தையும் விட கஷ்டம் ஒரு சுரத்த சும்மா ஆட்டாம நிறுத்தறது, நம்ம கை தானா கமகம் போட்டு சுரத்த அசைக்கும். எனக்கே அது போக ரொம்ப நாளாச்சு. அதனால இப்பவே ஸ்டாஃப் நொட்டேஷன், அதான் அஞ்சு கோட்டுல எழுதற வெஸ்டர்ன் நொட்டேஷன், கத்துக்கச் சொல்லு, லண்டன் டிரினிட்டி பரீட்சைல எட்டு கிரேடும் போகணும்னு இல்ல, பாத்த உடனே வாசிக்கற அளவுக்கு வந்தா போதும். நம்ம ஊர்ல ஞானம் உள்ளவங்களுக்குப் பஞ்சமே இல்ல, பேப்பர வெச்சதும் வாசிக்கற ஆளத்தான் தேடறாங்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. 2012ல காப்பிரைட் சட்டத்த மாத்தினாங்கல்ல, அதுல வாசிச்சவங்களுக்கும் ராயல்டி உண்டுன்னு இருக்கு, ஆனா படத்துல ஏதோ கொஞ்சம் வாசிச்சு, டைட்டில்ல பேர் போடற வழக்கமும் இல்லாத ஆள சட்டம் பெர்ஃபார்மரா கணக்குல எடுத்துக்காது. அதனால எவ்ளோ சின்ன பிட்டா இருந்தாலும் "சார், கிரெடிட்ல பேர் வருமா"ன்னு கேட்டு வாங்கச் சொல்லு. கூச்சப்படக் கூடாது. அவ உன்ன மாதிரிதான், கேக்கவே மாட்டா.

முழுக்க இத நம்பி இருக்க வேணாம், நானே பாதி வாடகைய ஆன்லைன் கிளாஸ்லதான் கட்டறேன். ஆனா வேணாம்னும் சொல்ல மாட்டேன், தடுத்தா வேற எங்கயாவது போய் மாட்டிப்பா. சென்னை வரட்டும், நம்ம வீட்லயே தங்கட்டும், சினிமா மியூசிஷியன் யூனியன் கார்டுக்கு யாரப் பாக்கணும்னு நானே கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி மெட்ரோனோம், அதான் தாளம் தட்டற கருவி, அத 80ல வெச்சு மூணு நிமிஷம் நேரான சுரமா வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லு, தோடி வேணாம், சங்கராபரணம் ஸ்கேல் போதும்.

இப்படிக்கு,
சேகர்