மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: மேற்குச் சுவரும் வெஸ்ட் ஆக்லண்டும்

அங்கத்தவர்கள் அனைவருக்கும் நிர்வாகக் குழுவின் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் தந்த மண்டபத் திருப்பணி முடிந்துவிட்டது. கூரை ஒழுகல் நின்றது. சமையலறைத் தரை மாற்றியாயிற்று. கழிப்பறைக் கதவு இப்போது பூட்டுகிறது. கணக்காய்வாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. மதிப்பீட்டைத் தாண்டிச் செலவான ஒரே இனம் மேற்குச் சுவர். கேள்விகள் அதிகம் வந்ததும் அதைப் பற்றித்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே.

அது பழைய கற்சுவர். யாரோ ஒரு காலத்தில் உட்புறம் முழுக்கச் சிமெந்து பூசிவிட்டார்கள். கல்லுக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பொங்கல் விழாவுக்குப் பொங்கல் பூஞ்சையாக வெளிவந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். முதலில் வந்த ஒப்பந்தக்காரர், ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தால் போதும் என்றார். நம்பினோம். ஆறு வாரத்தில் அப்பளம் மாதிரிக் கொப்பளித்தது. அந்தப் பணம் போனது போனதுதான், பொறுப்பு குழுவுடையது.

பிறகு சிமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். ஆனால் அவசரப்பட்டால் வெடிக்கும். 5 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் இறுகாது. அதனால்தான் தை மாதம் முடிய வேண்டிய வேலை சித்திரைக்குத் தள்ளிப்போனது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காயும்வரை நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு முறைபோட்டு ஈரப்படுத்தினோம். பருத்தித்துறை மாமா தினமும் வந்து விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இன்னும் பச்சை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் "சரி" என்ற அன்றுதான் அடுத்த பூச்சு. இது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத தரச்சான்று.

இனி, அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பது. திரை விலக்கிய அன்றே ஒரு மாமி கேட்டார்: "உதென்ன தம்பி, வள்ளுவற்ற இடத்திலை பந்தடிக்காரரே?" வள்ளுவர் கிழக்குச் சுவருக்குப் போயிருக்கிறார், நல்ல வெளிச்சத்தில். மேற்குச் சுவரில், இங்கிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள வெஸ்ட் ஆக்லண்ட் என்ற சிற்றூரின் உதைபந்தாட்டக் கழகம் ஐந்து பலகைகளில் இருக்கிறது. ஏன் என்று விளக்கக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் உள்ள நிலக்கரி ஊர்களில் ஒன்று அது. அணி ஆடியது நார்தர்ன் லீக்கில். அந்த லீக் 1889இல் தொடங்கியது. நாடறிந்த ஃபுட்பால் லீக்குக்கு ஒரே ஒரு வயது இளையது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் உலகம் அல்ல அது. வெஸ்ட் ஆக்லண்ட் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள்.

1909இல் தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டன் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பன்னாட்டுப் போட்டிக்குக் கோப்பை கொடுத்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலிருந்தும் அணிகள் வந்தன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமோ அணி அனுப்ப மறுத்துவிட்டது. எப்படியோ அழைப்பு வெஸ்ட் ஆக்லண்டுக்குப் போனது. லண்டனின் வூல்விச் ஆர்சனல் கழகத்துக்கு எழுதிய கடிதம் 'டபிள்யூ.ஏ.' என்ற முதலெழுத்துகளால் மாறிப் போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, நிரூபணம் இல்லை. பலகையில் அதைக் 'கதை' என்றே எழுதியிருக்கிறோம்.

வழிச்செலவுக்கு வீட்டுச் சாமான்களை விற்றவர்களும் அடகு வைத்தவர்களும் உண்டு என்பார்கள். ஏப்ரல் மாதம், ஈஸ்டர் விடுமுறை. அரையிறுதியில் ஸ்டுட்கார்ட் அணியை 2-0 என்றும், இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரை அதே 2-0 என்றும் வென்று கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். 1911இல் மறுபடி போனார்கள். சூரிச்சிலிருந்து வந்த அணியை 2-0. இறுதியாட்டம் ஜுவென்டஸுடன். ஆம், இன்று உலகறிந்த அதே இத்தாலியக் கழகம். 6-1.

இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமானது. ஆனால் கையில் காசில்லை. கடன்பட்டுத் திரும்பிய கழகம், உள்ளூர் வீட்ஷீஃப் விடுதிக்காரப் பெண்மணியிடம் 40 பவுணுக்குக் கோப்பையைப் பிணை வைத்தது. மீட்டது 1960இல், 100 பவுண் கொடுத்து. இடையில் இரண்டு உலகப் போர்கள். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகாமல் அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்த வேறு கதை நம்மில் யாருக்காவது தெரியுமா?

மீட்ட காலம் நல்ல காலமாகவும் இருந்தது. 1959-60, 1960-61 இரண்டு பருவமும் நார்தர்ன் லீக் சாம்பியன். 1961இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில், சம்பளமில்லாமல் ஆடுகிறவர்களுக்கான அமெச்சூர் கோப்பை இறுதியாட்டம். வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 எனத் தோல்வி. பிற்காலத்தில் 2012, 2014 என இரண்டு முறை, சிறு கழகங்களுக்கான எஃப்.ஏ. வேஸ் போட்டியின் இறுதிக்கு வந்து இரண்டையும் வெம்ப்ளியில் கோட்டைவிட்டார்கள். டூரினில் வாய்த்த ராசி வெம்ப்ளியில் மட்டும் வாய்க்கவில்லை.

மீட்ட கோப்பைக்கு வந்த கதி இன்னும் மோசம். 1994 ஜனவரியில், தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்த கோப்பையைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அச்சாக அதைப் போலவே செய்த நகல். 2013இல் அந்த வெற்றிகளின் நினைவாக ஊர்ப் புல்வெளித் திடலில் சிலை எழுப்பினார்கள். குழுவினர் நால்வர் அதைப் பார்த்துவரப் போன அன்று மழை; குடைக்குள் நின்று இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்தப் பெற்றோல் செலவு கணக்கில் ஏறவில்லை.

எல்லாம் சரி, நமக்கென்ன என்ற கேள்விக்கு வருகிறோம். லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத் தொழிற்சாலை அவர் எழுப்பியது. அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் 'லிப்டன் சீட்' மலைமுகடு இன்றும் சுற்றுலாத்தலம். நம் அங்கத்தவர் ஒருவரின் பாட்டி அந்தச் சரிவில் கொழுந்து எடுத்தவர். திருப்பணிக் கூட்டத்தில் அவர்தான் முதலில் சொன்னார்: "துரை உட்கார்ந்த இடத்துக்குப் பேர் இருக்கு. எங்க பாட்டி நின்ன இடத்துக்குப் பேரில்லை." அதன்பிறகு கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சுவரில் என்ன வரவேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

உடனே ஒரு திருத்தமும் வந்தது. வரலாறு படித்த தம்பி ஒருவர், லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் மளிகைக்கடை திறந்து, பன்றித்தொடை இறைச்சியும் வெண்ணெயும் விற்றே செல்வந்தராகிவிட்டவர், தேயிலை பிறகுதான் என்றார். 'நம் கொழுந்தில் விளைந்த கோப்பை' என்று முதலில் எழுதியிருந்த வரியை ஆகவே எடுத்துவிட்டோம். சிலருக்கு வருத்தம். செயலாளருக்கும் வருத்தம்தான். ஆனால் மண்டபச் சுவரில் பொய் எழுத முடியாது. கடைசிப் பலகையில் இப்போது இரண்டே படங்கள்: நிலக்கரிச் சுரங்க வாயில் ஒன்று, கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் ஒன்று. கீழே ஆண்டு மட்டும்.

தலைப்பிலும் இழுபறி. 'முதல் உலகக் கோப்பை' என்று பெரிய எழுத்தில் போடவேண்டும் என்றார்கள் இளைஞர்கள். வெஸ்ட் ஆக்லண்டில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே டூரினில் 1908இலேயே ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்து, ஜெனீவாவின் செர்வெட் வென்றிருக்கிறது. ஃபிஃபாவின் உலகக் கோப்பை 1930இல் உருகுவேயில் தொடங்கியது. லிப்டன் அப்போது உயிரோடுதான் இருந்தார், 1931இல்தான் காலமானார். இன்னொரு வேடிக்கை, 1905இலேயே அர்ஜென்டினாவும் உருகுவேயும் மோத அவர் வேறொரு கோப்பை கொடுத்திருந்தார். மனிதர் கோப்பை கொடுப்பதில் வல்லவர். தாம் பாய்மரக்கப்பலில் தேடிப்போன அமெரிக்காஸ் கோப்பையை மட்டும் ஐந்து முறை முயன்றும் வெல்லவில்லை. கடைசியில் தலைப்பு 'டூரின் போன சுரங்கக்காரர்கள்' என்று அமைந்தது. கால்பந்தா உதைபந்தா என்ற சண்டை தீரவில்லை. தமிழ்நாட்டு அங்கத்தவர்களுக்காக இரண்டு பலகையில் கால்பந்து, மற்ற மூன்றில் உதைபந்து. எண்ணிப் பார்த்துக் கோபிக்க வேண்டாம்.

பலகை அச்சிட்ட இடத்தில் ஒரு சறுக்கல். அவர்களுடைய கணினியில் தமிழ் எழுத்துரு சரியாக அமையவில்லை. 'கோப்பை' என்ற சொல்லில் கொம்பு ஒருபக்கம், ககரம் ஒருபக்கம், கால் ஒருபக்கம். மாதிரியைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் செயலாளர், அதுவும் கண்ணாடி இல்லாமல். மறுபடி அச்சிட ஆன செலவில் பாதியைச் செயலாளர் ஏற்றுக்கொண்டார். கணக்குத்தாளில் 'எழுத்துப்பிழை' என்ற வரிக்கு அதுதான் அர்த்தம்.

மீதி வேலை இரண்டு. மேற்குச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். புதுச் சுண்ணாம்புக்கு அது சில மாதம் இயல்பு. காய்ந்த தூரிகையால் துடைத்துவிடுங்கள், தயவுசெய்து தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். அந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் கூடாது. விழா அலங்காரத்துக்கு மேலே மரச்சட்டம் பொருத்தியிருக்கிறோம், மாலை தோரணம் எல்லாம் அதில்.

சாக்கு நனைக்க முறை வந்தவர்கள், சிமெந்து கொத்திய இளைஞர்கள், மூன்று சனிக்கிழமை சோறு சமைத்துத் தந்த அக்காமார் எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்பு இரண்டு மூட்டை மீந்திருக்கிறது, பின்கட்டில் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். ஈரம் பட்டால் வீணாகிவிடும். வேண்டியவர்கள் பொருளாளரிடம் சொல்லிவிட்டு இந்த மாதத்துக்குள் எடுத்துப் போகலாம்.

இவண்,
நிர்வாகக் குழுவுக்காகச் செயலாளர்