குருத்தணுவும் என் அண்ணனின் முழங்காலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானிய மருத்துவ விஞ்ஞானி ஷின்யா யாமனாகாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் மகிழ்ச்சி. ஆனால் மூட்டுத் தேய்மானம் 'தண்டு செல்' (ஸ்டெம் செல்; வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய தொடக்கநிலைச் செல்) சிகிச்சையால் தீரும் காலம் வந்துவிட்டது என்று முடித்திருக்கிறீர்கள். வரவில்லை ஐயா.

என் அண்ணன் கோட்டூர்ப் பக்கம் விவசாயி. நடவுச் சேற்றிலேயே தேய்ந்த முழங்கால். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் சிகிச்சை மையத்தில், 'ஸ்டெம் செல் ஊசி' போட்டால் அறுவை சிகிச்சையே வேண்டாம் என்றார்கள். சம்பா நெல் விற்ற பணமும் அண்ணியின் வளையலுமாக ஒன்றரை லட்சம் ரூபாய் போயிற்று. இரண்டு ஊசிகள். இன்றும் வரப்பில் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். ஊசியில் இருந்தது என்ன என்று எழுதிக் கேட்டோம்; துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

யாமனாகாவும் எலும்பு மருத்துவராகத் தொடங்கியவர்தான். 1987இல் கோபே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். தேர்ந்த கை பத்து நிமிடத்தில் அகற்றும் சாதாரணக் கட்டியை ஒரு மணி நேரமாகியும் அவரால் எடுத்து முடிக்க இயலவில்லை. 'இடைஞ்சல்' என்று பொருள்பட அவர் பெயரையே 'ஜமனாகா' என்று திரித்தார்கள் மூத்தவர்கள். 1993இல் அமெரிக்கா சென்று ஆராய்ச்சி கற்றுத் திரும்பியவருக்கு, ஒசாகாவில் எலிக் கூண்டுகளைப் பராமரிப்பதே பெரும் வேலையாயிற்று. மனம் சோர்ந்து ஆராய்ச்சியையே கைவிட நினைத்தார். 1999இல் நாராவில் தனக்கென ஓர் ஆய்வகம் கிடைத்த பிறகே நிமிர்ந்தார். உங்கள் கட்டுரை இந்த ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகள் படிக்க வேண்டியதே அந்த ஆண்டுகளைத்தான்.

அவர் கண்டதை எங்கள் வயலில் நின்று சொன்னால் எளிதில் விளங்கும். கரும்புக் கரணையின் ஒரு கணு முழுக் கரும்பாகிறது. அறுத்த தாளில் மறுதாம்பு துளிர்க்கிறது. முற்றிய விலங்குச் செல்லையும் அப்படித் தொடக்க நிலைக்குத் திருப்ப முடியுமா என்பதே அவர் கேள்வி. 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, அவரும் மாணவர் தகாஹாஷியும் எல்லாவற்றையும் சேர்த்து எலியின் செல்லுக்குள் செலுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். எதை விட்டால் காரியம் கெடுகிறதோ அதுவே தேவையானது. கடைசியில் நின்றவை நான்கு. அந்த நான்கைக் கொண்டே முற்றிய செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பினார்கள்: 2006இல் எலியில், 2007இல் மனிதத் தோல் செல்லில். 1962இல், அதாவது யாமனாகா பிறந்த அதே ஆண்டில், தவளையில் இதற்கு வழிகாட்டிய ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் கர்டனோடு 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். (தண்டு செல் என்று எழுதாமல் குருத்தணு என்று எழுதுங்கள். குருத்து விரியக் காத்திருப்பது என்பது இங்கே வாழைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும்.)

அந்த நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. அதனால்தான் மனிதருக்குப் பயன்படுத்துவதில் அத்தனை நிதானம். 2014இல் கோபேயில் ஒரு மூதாட்டியின் விழித்திரையில் முதன்முதலாக, இப்படித் திருப்பிய செல்லிலிருந்து வளர்த்த செல்கள் பொருத்தப்பட்டன. 2015இல் இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். செல் கையில் இருந்தது, நோயாளி காத்திருந்தார், ஆனாலும் நிறுத்தினார்கள். என் அண்ணனுக்கு ஊசி போட்டவர்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே இருக்கிறது. சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜையிலுள்ள ரத்தக் குருத்தணுக்களை மாற்றுவது ஏற்கப்பட்ட சிகிச்சை. வேலூரில் பல்லாண்டுகளாக நடக்கிறது. முழங்கால் அந்த 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை; 2022இல் முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு குருத்தணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது, அவ்வளவே. இப்படி ஏற்கப்படாததை அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே செய்யலாம் என்கிறது நெறிமுறை. சோதனைக்கு வருபவரிடம் பணம் வாங்கக் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தால் அண்ணியின் வளையல் கையில் இருந்திருக்கும்.

அடுத்த இதழில் இதைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். எங்கள் கடைத்தெரு டீக்கடைக்கு உங்கள் இதழ் தவறாமல் வருகிறது. அந்த மையத்தின் விளம்பரத் தட்டியும் எதிரேயே தொங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம்.