பழைய வண்டியின் இன்ஜின் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினிலிருந்து சில நொடிகள் கடகடவென்று ஓர் ஓசை எழுந்து பிறகு அடங்கிவிடுகிறது என்றும், அதைக் கேட்டதிலிருந்து ஊருக்கு வண்டியில் வரவே தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இன்ஜின் பெரிய செலவு வைப்பதற்கு முன் விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வதையும் குறிப்பிட்டிருந்தாய். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2012இல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல், ஒன்றேமுக்கால் லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. கைக்குழந்தையோடு இரவில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசிப்பது இயல்பு. ஆனால் வயதையும் மீட்டரையும் மட்டும் பார்த்து ஓர் இன்ஜினுக்கு முடிவு கட்டக் கூடாது என்பதை, பேருந்துப் பணிமனையில் டீசல் இன்ஜின்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். சோதித்துப் பார்த்த பிறகு விற்பதென்றால் விற்றுவிடுங்கள். சோதிக்காமல் பயத்தில் விற்க வேண்டாம்.

உன் வண்டியில் இருப்பது ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். 1,248 சிசி, நான்கு சிலிண்டர். மாருதி அதை டிடிஐஎஸ் என்றும் டாடா குவாட்ராஜெட் என்றும் பெயரிட்டு விற்றன. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று நம் நாட்டில் எத்தனையோ வண்டிகளில் இதே இன்ஜின்தான் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது என்றாலும், இத்தனை வண்டிகள் சாலையில் இருப்பதால் உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இதைப் பிரித்துக் கோத்துப் பழகிய மெக்கானிக்குகளும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய பலம்.

நீ சொல்லும் ஓசை டைமிங் செயினிலிருந்து வருவதாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிஸ்டன்களின் அசைவால் சுழலும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். அது சுழலும்போது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் அதற்கு ஏற்ற கணக்கில் சுழல வேண்டும். இரண்டையும் இணைப்பது அந்தச் செயின். அது தளர்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது டென்ஷனர் என்ற சிறு பாகம். அந்த டென்ஷனர் இயங்குவது இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில். இரவு முழுதும் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து ஆயில் மேலே ஏறும் வரை செயின் சற்றுத் தளர்ந்து அடிக்கும். ஒன்றிரண்டு நொடிகளில் அடங்கினால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு நாள் நேரம் கூடினாலோ, இன்ஜின் சூடான பிறகும் கேட்டாலோ, செயினும் டென்ஷனரும் வழிகாட்டிகளும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டால் செயின் ஒரு பல் தாண்டிவிடக்கூடும். பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்போதுதான் மாப்பிள்ளை அஞ்சுகிற அந்தப் பெரிய செலவு வரும். செயின் செட்டை முழுதாக மாற்றுவது அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய வேலை. மாற்றும்போது செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரை அப்படியே விட்டுவைக்க இடம் கொடுக்காதே.

இதிலிருந்தே இந்த இன்ஜினுக்கு ஆயில் எவ்வளவு முக்கியம் என்பது உனக்குப் புரிந்திருக்கும். இதன் ஆயில் கொள்ளளவு ஏறத்தாழ 3 லிட்டர்தான். அதில் அரை லிட்டர் குறைந்தாலும் செயினுக்கும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் அது பெரிய குறை. ஆகவே வாரம் ஒரு முறை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவை. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருக்கும்; சென்னை நெரிசலில் ஓடும் பழைய டீசலுக்கு 7,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பழைய இன்ஜின்தானே, கெட்டியான ஆயில் ஊற்றினால் ஓசை அடங்கும் என்று யாராவது சொன்னால் ஏற்காதே. ஓசை சற்று அடங்கலாம். ஆனால் கெட்டியான ஆயில் காலை ஸ்டார்ட்டில் செயினையும் டர்போவையும் சென்றடைய இன்னும் தாமதமாகும். கையேட்டில் உள்ள 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் தரமே போதும்.

அடுத்து வெப்பம். இந்த இன்ஜினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி, வார்ப்பிரும்பு; அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரே ஒரு முறை கடுமையாக ஓவர்ஹீட் ஆனாலும் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடக்கூடும். நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ பழைய இன்ஜின்கள் தேய்ந்து சாவதில்லை; ஒரு விரிசல் விட்ட ஹோஸ், ஓடாத ஃபேன், கசிந்த வாட்டர் பம்ப், இவற்றில் ஒன்றால் ஒரே நாளில் சாகின்றன. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது. நின்ற இடத்திலேயே வயதாகும். எனவே ரேடியேட்டர் ஹோஸ்கள் அத்தனையையும், மூடியையும், இன்ஜின் உரிய சூட்டை அடையும் வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் ஒரே தடவையில் புதிதாகப் போட்டுவிடச் சொல். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதிலுள்ள உப்பு ரேடியேட்டரை அடைத்துவிடும். நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிவிட்டால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய வெப்பத்தை அடையாமலேயே ஓடும். டீசல் அதிகம் செலவாகும், கரி படியும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். இதில் மட்டும் நீ பிடிவாதமாக இருக்க வேண்டும்.

வழியில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால், இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டாதே. ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை நிறுத்திவிடு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

நீ வேளச்சேரியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், வடிந்த பிறகு சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூட வேண்டாம். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ நல்ல இன்ஜின்கள் இப்படிப் பாழாயின. கயிறு கட்டியோ லாரியில் ஏற்றியோதான் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பத்தாண்டு கடந்த டீசல் வண்டியை அரசு பறித்துவிடும் என்று மாப்பிள்ளையிடம் யாரோ சொன்னார்களாம். அந்த 10 ஆண்டுத் தடை டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2027இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி சோதனை. நம்பகமான டீசல் மெக்கானிக்கிடம் நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். மூன்று ஒத்திருந்து ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அங்கே பிஸ்டன் ரிங்கோ வால்வோ கேஸ்கெட்டோ பழுது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பார்த்தால், புகை பலமாகப் பீறிட்டு வருகிறதா என்பதும் தெரியும். மூடியின் உட்புறம் பாலேடு போன்ற வெண்மை தொடர்ந்து படிந்தாலோ, கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறதா, இன்ஜெக்டரில் கோளாறா என்று பார்க்க வேண்டும். கரும்புகை பெரும்பாலும் காற்று வழி அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படிந்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். நகரத்துக்குள்ளேயே ஓடும் டீசலுக்கு அது வழக்கமான வேலை. அதை இன்ஜின் பழுது என்று யாரும் உன்னைப் பயமுறுத்த விடாதே.

கம்ப்ரஷன் நான்கிலும் ஒத்திருந்து, ஆயிலும் கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் செயின் செட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் ஆகியவற்றை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். அந்த இன்ஜின் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்றே நான் நம்புகிறேன். கம்ப்ரஷன் தாழ்ந்து, புகையும் பீறிட்டு, முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், வண்டியின் இன்றைய விலையில் பாதிக்கு மேல் செலவு செய்ய வேண்டாம். வாங்குபவரிடம் உள்ள நிலையைச் சொல்லி விற்றுவிடு. அப்பா வாங்கித் தந்தது என்ற எண்ணம் இந்தக் கணக்கில் குறுக்கே வர வேண்டாம், அம்மா. உங்கள் மூவரின் பயணம் பத்திரமாக இருப்பதே எனக்கு வேண்டும்.

சோதனை முடியும் வரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். பொங்கலுக்கு ரயிலிலேயே வாருங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவுகளையும் மெக்கானிக் எழுதிக் கொடுப்பதை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையோடு நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா