செம்மண் மேட்டுக் காடு

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு நீ எழுதிய எண்ணெய் வைத்தியத்தை வீட்டில் ஏற்கவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். நீ அனுப்பிய முந்திரியைப் பேத்தி இரண்டே நாளில் காலி செய்துவிட்டாள்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஆரோவில் பிச்சாண்டிக்குளம் காட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பட்டையைத் தடவி, இலையைக் கசக்கி மோந்து மரம் படிக்கிறார்கள். நாம் தாவரவியலைப் படித்த லட்சணம் உனக்கே தெரியும்.

இந்தக் காட்டை வளர்த்த ஜாஸ் புரூக்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1970-களில் அங்கே குடியேறியபோது காடே கிடையாது. பனையும் முள்ளும் செம்மண் பள்ளங்களும்தான். அந்த மேட்டின் பாறைக்குப் புவியியலார் வைத்த பெயர் கடலூர் மணற்கல். உன் மாவட்டத்தின் பேர் எங்கள் காலடியில் கிடக்கிறது, பெருமைப்பட்டுக்கொள்! திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அந்தக் கல்மரங்களும் அதே பாறையில்தான், வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள்.

மழைக்கு இங்கே குறைவில்லை. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் பெரும்பகுதியை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிடும். விறகுக்கு வெட்டியும் ஆடுமாடு மேய்ந்தும் மொட்டையான மேட்டில் அது நிற்குமா? நீரும் போச்சு, மண்ணும் போச்சு. அதனால் கரை போட்டு மழைநீரை மறித்துத்தான் கன்று நட்டார்கள். வறண்ட மண்ணிலும் சட்டென்று வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை முதலில் வைத்து, அதன் நிழலில் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்ததே, உங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்த அன்றுதான் இங்கே அகேசியாக்களும் விழுந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

வெளிநாட்டுக்காரர் வந்தார், பொட்டல் சோலையானது என்று இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அந்த உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைத்ததிலும் பிச்சாண்டிக்குளம் குழுவுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி என்ற நாட்டு மரங்களெல்லாம் இந்தக் கரையோரத்தில் எங்கே மிச்சமிருந்தன? கோயில்காடுகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கிப் பார், மஞ்சனீஸ்வரர் அய்யனாரைச் சுற்றி அந்தப் பழைய காடு இன்னும் நிற்கிறது. சாமி மரத்தில் கத்தி வைக்கப் பயந்த சனங்கள் காப்பாற்றிய விதை அது. குழி தோண்டிக் கரை போட்ட கைகளிலும் சுற்றுக் கிராமத்துக் கைகள் எத்தனையோ. சுத்துக்கேணிப் பக்கம் இறந்தவர்களைப் புதைத்த இரும்புக்காலத்து ஈமத்தாழிகள் கிடைத்திருக்கின்றன, ஆக மனித வாசம் இங்கே புதிதில்லை. பிள்ளைகளை முதலில் அய்யனார் கோயிலில் இறக்கிவிட்டு, அப்புறம் பிச்சாண்டிக்குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியர் யோசிக்கிறார், வேன் செலவுதான் தடங்கல்.

சரி, உனக்கு ஒரு வேலை. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரித் தோப்பாக மாறாமல் தப்பிய கோயில்காடு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து எழுது. முந்திரியே பிரேசிலிலிருந்து வந்ததுதானே, அதற்கு முன் அந்த மண்ணில் என்ன நின்றது என்று பார்க்க ஆசை. பொங்கல் கழித்து நானே வருகிறேன், பலாப்பழத்துக்காகக் காத்திருக்கச் சொல்லாதே.

அன்புடன்,
சுந்தரம்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி