அரங்கின் காற்றைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் திரையரங்குகளைத் திறப்பது பற்றிய விவாதம், எத்தனை இருக்கைகளை நிரப்பலாம் என்ற கணக்கோடு நின்றுவிடுவது சரியல்ல. நுண்துளிகள் காற்றில் மிதந்தும் பரவும் இந்நோய்க்கு ஓர் இருக்கை விட்டு அமர்வது ஓரளவே தடையாகும். சன்னலில்லாத குளிரூட்டப்பட்ட அரங்கில் இரண்டரை மணி நேரம் அதே காற்றே சுழன்றுகொண்டிருந்தால், தள்ளி அமர்ந்திருப்பவரும் பாதுகாப்பானவர் அல்லர். எனவே, வெளிக்காற்று போதிய அளவு உள்ளே வருகிறதா என்பதை, பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும்போதே மூச்சில் வெளியாகும் கரியமில வாயு உள்ளே தேங்குகிறதா என்று காட்டும் அளவியைக் கொண்டு சோதித்து, தேறிய அரங்குகளுக்கு மட்டும் அனுமதியை நீட்டிக்க வேண்டும். வாயிலில் உடல்வெப்பம் பார்ப்பது (அறிகுறியற்றவரை அது எப்படிக் காட்டும்?) பெரும்பாலும் சடங்கே. முகக்கவசத்தைக் கழற்றவைக்கும் தின்பண்ட விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கலாம். அதனால் குறையும் வருவாயை அரசு வரிச்சலுகையால் ஈடுசெய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்