செந்திலுக்கு, அந்த ஊசியைப் பற்றி

அன்புள்ள செந்தில்,

டாக்டர் உன் முதுகுக்கு அடலிமுமாப் ஊசி எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "போட்டுக்கலாமாம்மா?" என்று ஒரே வரி கேட்டிருந்தாய். போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே சீட்டில் கீழே எழுதியிருக்கும் டிபி பரிசோதனைகளை முடித்து, ரிசல்ட் கைக்கு வந்த பிறகுதான் முதல் ஊசி. "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, அதுக்கெல்லாம் லீவு கிடைக்காது" என்று அப்பாவிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

உனக்கு வந்திருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பில் வரும் ஒரு வகை அழற்சி நோய். பெயரைப் பார்த்துப் பயப்படாதே. காலையில் எழுந்தால் இடுப்பும் முதுகும் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கிறது, நடமாடினால் குறைகிறது, படுத்து ஓய்வெடுத்தால் கூடுகிறது என்று நீ சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான். சுளுக்கோ டிஸ்க் வலியோ ஓய்வெடுத்தால் குறையும். இது அப்படியில்லை. பெரும்பாலும் இருபதுகளில், இன்னும் சிலருக்குப் பதின்வயதிலேயே தொடங்கும். போன வருஷம் உன் இடது கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கண்ணின் உள்பகுதியில் வரும் அழற்சி அது. இந்த நோய் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் எச்.எல்.ஏ. பி27 மரபணு பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லாம் ஒரே நோயின் கீழ் வந்துவிட்டது.

இந்த வகை நோய்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வராமலே நம் மூட்டையும் எலும்பையும் தாக்குகிறது. அதில் பெரிய பங்கு டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்துக்கு. 1975ல் எலிகளில் கட்டியைக் கருகச் செய்யும் பொருளாக அதைக் கண்டுபிடித்தார்கள். அதே பொருள்தான் மூட்டுக்குள் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது என்று லண்டனில் இரண்டு பேர் வாதாடினார்கள். ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். இன்னொருவர் ரவீந்தர் மைனி, பஞ்சாப் லூதியானாவில் பிறந்தவர். 1992ல் சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் முடக்குவாத நோயாளிகளுக்கு டிஎன்எஃபைக் கட்டிப்போடும் மருந்தை முதன்முதலாக ஏற்றிப் பார்த்தார்கள், நல்ல பலன் தெரிந்தது. அதுவரை முடக்குவாதக்காரர்களுக்கு ஸ்டீராய்டு, வலி மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட் என்று கொடுத்தும் விரல்கள் கோணிக்கொண்டே போவதைப் பார்த்தவள் நான். அந்த இரண்டு பேரையும் நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

உனக்கு எழுதியிருக்கும் அடலிமுமாப் அந்த வழியில் வந்த மருந்து. 2002 டிசம்பர் கடைசி நாளில் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. உன் நோய்க்கு 2006ல். இது வலி மாத்திரை இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. உன் பெரியப்பா "ஸ்டீராய்டு ஊசியா, எலும்பு உருகிப்போகுமே" என்றாராம். அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். இது ஆன்டிபாடி. நம் உடம்பு கிருமிக்கு எதிராக உண்டாக்குவதைப் போன்ற ஒரு பெரிய புரதம், டிஎன்எஃபை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும்படி செய்தது. புரதம் என்பதால் வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதைச் செரித்துவிடும். மாத்திரையாக ஏன் இல்லை என்று கேட்டாயே, அதுதான் காரணம்.

இனி டிபி விஷயம். இதைப் பொறுமையாகப் படி.

நான் எத்தனை வருஷம் டிபி வார்டில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு டிபி கிருமி உள்ளே போயிருக்கிறது. பஸ்ஸில், வகுப்பறையில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கேயாவது மூச்சோடு போயிருக்கும். உனக்கு என் புடவையிலிருந்தே வந்திருக்குமோ என்று நான் கவலைப்பட்ட நாட்கள் உண்டு. (துணியில் அப்படி ஒட்டிக்கொண்டு வராது, காற்றில்தான் பரவும். படித்திருந்தும் தாய் மனசு கேட்கவில்லை.) உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றி அணுக்களை அடுக்கி, முள்வேலி போட்ட மாதிரி அடைத்து வைத்துவிடுகிறது. கிருமி சாகாமல், வளராமல், வருஷக்கணக்கில் அதற்குள் தூங்கும். அந்த வேலி கலையாமல் நிற்பதற்கு டிஎன்எஃப் வேண்டும். நீ போடப்போகும் ஊசி அந்த டிஎன்எஃபைத்தான் பிடித்துக் கட்டுகிறது.

புரிகிறதா? முதுகுக்கு நல்லது செய்யும் அதே வேலை, தூங்குகிற டிபியை எழுப்பிவிடலாம். இது ஊகம் இல்லை. இதே வகையில் முதலில் வந்த இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததை 2001ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் பாதிக்கு மேல், 40 பேருக்கு, நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. ஆகவே, இருமல் இல்லையே என்று இருந்துவிட முடியாது. கழுத்தில் நெறி கட்டலாம், வயிற்றில் வரலாம், சாயங்காலம் மட்டும் காய்ச்சல் அடிக்கலாம், ராத்திரி தலையணை நனையும்படி வேர்க்கலாம், காரணமே இல்லாமல் பேன்ட் லூஸாகலாம். ஊசி போடும் காலம் முழுக்க இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். போய், "நான் அடலிமுமாப் போடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பரிசோதனை இப்படித்தான். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று. அப்புறம் மாண்டூ, அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை, இல்லை இரண்டும். மாண்டூ என்பது முன்கையில் தோலுக்குள்ளேயே ஒரு சின்ன ஊசி. இரண்டு மூன்று நாள் கழித்து, அதாவது 48 முதல் 72 மணி நேரத்துக்குள், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். லீவு இல்லை என்று நான்காம் நாள் போனால் திரும்பவும் முதலிலிருந்துதான். பார்க்கிறவர் சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். நாங்கள் பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து மெதுவாக உள்ளே இழுப்போம். தடிப்பின் விளிம்பு வந்ததும் பேனா தட்டி நிற்கும். அந்தப் பக்கமும் அப்படியே செய்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைப்போம். இந்த மாதிரி ஊசி தொடங்கப் போகிறவர்களுக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே பாசிட்டிவ் கணக்கு. கண்ணால் பார்த்து "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொன்னால் "ஸ்கேல் வைத்துப் பாருங்கள்" என்று கேள். கூச்சப்படாதே.

பாசிட்டிவ் வந்தால் உனக்கு டிபி நோய் என்று அர்த்தம் இல்லை. குழந்தையில் டிபிக்காகப் போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் மாண்டூ தடிக்கும், அதனால்தான் இக்ராவும் கேட்கிறார்கள். தூங்கும் டிபி என்று டாக்டர் முடிவு செய்தால் ஐசோனியாசிட் போன்ற மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்பார். பொதுவாக ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகுதான் ஊசியை ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு மாதம் முதுகு வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள். அந்த மாத்திரை ஈரலைச் சோதிக்கும், பார்ட்டி கீர்ட்டி எல்லாம் தள்ளி வை.

ஹெப்படைடிஸ் பி பரிசோதனையையும் விட்டுவிடாதே. அந்த வைரஸும் இதே போல் பதுங்கியிருந்து கிளம்பக்கூடியது. இன்னொன்று, உங்கள் கம்பெனி உன்னை நைரோபிக்கு அனுப்பலாம் என்றாயே, அதை டாக்டரிடம் சொன்னாயா? கென்யா போய்த் திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. அடலிமுமாப் தொடங்கிய பிறகு அந்த வகைத் தடுப்பூசி எதையும் போடக் கூடாது. போகத்தான் போகிறாய் என்றால் ஊசி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அதை முடிக்க வேண்டும். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டுக்கொள்ளலாம்.

கேன்சர் வருமா என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறாய். என்னிடமே கேட்டிருக்கலாம்ப்பா. மருந்தோடு வரும் தாளில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் பற்றி எச்சரிக்கை கட்டம் கட்டி இருக்கிறது, மறைக்க மாட்டேன். அதில் சொல்லும் மிக மோசமான ஒரு வகை மிக அரிதானது. வந்தவர்கள் பெரும்பாலும் குடல் அழற்சி நோய்க்காக அசதியோப்ரின் போன்ற மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்ட இளைஞர்கள். உனக்கு அந்த நோயும் இல்லை, அந்த மாத்திரையும் இல்லை. ஆனால் கட்டுப்படுத்தாத அழற்சியால் முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டிய நிலைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தராசில் வைத்துத்தான் "போடு" என்று சொல்கிறேன்.

விலை பற்றி ஒரு வார்த்தை. இந்த மருந்தைச் சீன எலி வகை ஒன்றின் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு செலவு. மூல மருந்து ஹுமிரா. அதற்கு உலகத்திலேயே முதல் பயோசிமிலரை, அதாவது அதைப் போலவே செய்த மாற்று மருந்தை, 2014 டிசம்பரில் நம் நாட்டு சைடஸ் கம்பெனிதான் கொண்டுவந்தது. இப்போது வேறு கம்பெனிகளும் செய்கின்றன. உன் சீட்டில் இருப்பதும் பயோசிமிலர்தான். அது டூப்ளிகேட் இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மட்டும் டாக்டருக்குத் தெரிந்து மாற்று. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடாதே.

அப்புறம் ஊசி போடும் முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள், மறக்காது. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், அட்டைப் பெட்டியோடு, நடுத்தட்டில் வை. கதவில் வேண்டாம், ஃப்ரீசரில் கூடவே கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் உருகின பிறகும் அதைப் போடாதே. ரூமில் இருக்கும் பையன்களிடம் சொல்லி வை, ஐஸ் டிரே வைக்க இடமில்லை என்று எடுத்து உள்ளே தள்ளிவிடப் போகிறார்கள். வெளியே 25 டிகிரிக்குள் 14 நாள் வரை தாங்கும் என்று ஹுமிராவின் தாளில் போட்டிருக்கும். உன் கம்பெனித் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று பார். நம் ஊர் மே மாதத்தில் அறைக்குள் 25 டிகிரி ஏது? ஊருக்கு வரும்போது ஐஸ் பேக் வைத்த பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், மருந்து ஐஸில் நேராகப் படாமல்.

போடுவதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வை. சில்லென்று போட்டால் எரியும். வெந்நீரில் வைக்காதே, குலுக்காதே. தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிறு. போன தடவை போட்ட இடத்தை விட்டு ஒரு அங்குலமாவது தள்ளிப் போடு. கன்றிப்போன இடம், தழும்பு வேண்டாம். ஸ்பிரிட் காயட்டும், ஈரத்தோடு குத்தினால்தான் அதிகமாக எரியும். சதையைக் கிள்ளித் தூக்கி, ஊசியைத் தயங்காமல் உள்ளே விட்டு, மருந்தை மெதுவாகச் செலுத்து. எடுத்த பிறகு தேய்க்காதே, பஞ்சை வைத்து அழுத்திப் பிடி, போதும். அந்த இடம் ஒன்றிரண்டு நாள் சிவந்து அரிக்கலாம், பரவாயில்லை. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேராக எமர்ஜென்ஸி. போட்ட சிரிஞ்சைக் குப்பைத் தொட்டியில் எறியாதே. அள்ளுகிற அம்மாவின் கையில் குத்தும். கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடு.

காய்ச்சலோ, சீழ் வைத்த பல்லோ, வேறு தொற்றோ இருக்கும் சனிக்கிழமை போடாதே, டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடு. பல் பிடுங்க, ஆபரேஷனுக்கு என்று எங்கே போனாலும் முன்கூட்டியே சொல்லு.

பலன் ஒரு வாரத்திலும் தெரியலாம், மூன்று மாதமும் ஆகலாம். நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. இது நோயை அடக்கி வைக்கிறது, வேரோடு பிடுங்குவதில்லை. விட்டு விட்டுப் போட்டால் உடம்பு இந்த மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி செய்துகொள்ளலாம், அப்புறம் அது வேலை செய்யாது. ஊசி போடுகிறோமே என்று உடற்பயிற்சியையும் விட்டுவிடாதே, முதுகை நீட்டி மடக்குவது தினமும் வேண்டும். சிகரெட்டை விடு. இந்த நோயில் அது எலும்பு ஒட்டிப்போவதை வேகப்படுத்தும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் ஊசி ஆஸ்பத்திரியிலேயே போடட்டும், நான் புனேக்கு வருகிறேன். ரிசல்ட் வந்ததும் தேதியைச் சொல், டிக்கெட் போட வேண்டும். இரண்டாவது ஊசி வரைக்கும் இருப்பேன். அதை நீயே போட வேண்டும், நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா